கேட்போர் மனமே ஆட்டப் பலகை

உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும். உழைத்துக் களைத்த உள்ளத்திற்கு விளையாட்டு வேண்டும். விளையாட்டுகள் ஓடி ஆடுவன, அமர்ந்து ஆடுவன என இருவகைப்படும். ஓடி ஆடும் விளையாட்டு உடலுக்கு உரம் தருவது போல, அமர்ந்து ஆடும் விளையாட்டு அறிவுக்குக் கூர்மையும் நட்புக்கு நெருக்கமும் தருகின்றது. ஒரு பலகையைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஆடும்போது, காய்களைக் கொண்டு மட்டும் அவர்கள் ஆடுவதில்லை. ஒருவர்மீது ஒருவர் செலுத்தும் கவனத்தைக் கொண்டும் ஆடுகின்றனர். அக்கவனம் கலைந்தால் ஆட்டம் என்னவாகும்? இக்காலத்தில் ஏறத்தாழ எல்லார் கையிலும் உள்ள கைப்பேசி அதனை எவ்வாறு கலைக்கின்றது? கருவியை வெறுக்காமலே கவனத்தைக் காத்துக்கொள்ள வழி உண்டா? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பாலாற்றங்கரையில் கவனம்

தமிழ்நாட்டின் வடபகுதியில் பாலாற்றை ஒட்டி வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. 2019-ஆம் ஆண்டு வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி, அவ்வாண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் இங்குள்ள பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும் தொழில்கள். காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிச் செல்லும் காட்சி இவ்வூர்களுக்கு உரியது.

தோல் தொழிலில் கவனத்தின் மதிப்பை நேரிற் காணலாம். காலணிக்குத் தோல் வெட்டுபவர், வெட்டுவதற்கு முன் தோலை விரித்து ஒளியிற் பார்க்கின்றார். முள் கிழித்த வடு எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே, நரம்போடிய கோடு எங்கே என்று தேடுகின்றார். முதுகுப் பகுதித் தோல் உறுதியானது. வயிற்றுப் பகுதித் தோல் நெகிழ்ச்சியானது. ஆதலின், காலணியின் முன்புறத்திற்கு வேண்டிய துண்டை முதுகுப் பகுதியிலும், கண்ணுக்குப் புலப்படாத உட்புறத் துண்டை ஓரப் பகுதியிலும் அமைத்து வெட்டுகின்றார். ஒரு விலங்கின் தோல் போல மற்றொரு விலங்கின் தோல் இருப்பதில்லை. ஆகவே, நேற்றைய தோலைப் பார்த்த பார்வை இன்றைய தோலுக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கருத்தூன்ற வேண்டும். ஒரு நொடி கண் வேறிடம் சென்றால், வெட்டுப்பட்ட தோலை மீண்டும் ஒட்ட இயலாது.

தொழிலில் இத்துணைக் கவனம் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். விளையாட்டிலும் அது வேண்டும் என்றால் சிலர் நகைப்பர். "விளையாட்டுத்தானே!" என்பது அவர்கள் கூற்று. விளையாட்டு என்பது கவனம் அற்ற பொழுதுபோக்கு அன்று. தாமே விரும்பித் தரும் கவனமே விளையாட்டின் உயிர் என்பதை அவர்கள் அறியார்.

ஆடும் புலியும்

நம் முன்னோர் அமர்ந்து ஆடிய ஆட்டங்கள் பல. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் என்பவை அவற்றுள் பெயர்பெற்றவை. தாயத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்பக் காய்களை நகர்த்துவர். ஒன்று விழுந்தால் 'தாயம்'. அது விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. ஆடுபுலி ஆட்டமோ எண்ணின் வாய்ப்பை நம்பாதது. முற்றிலும் அறிவினால் ஆடப்படுவது. இடத்துக்கு இடம் சிறிது வேறுபடினும், 3 புலிகளும் 15 ஆடுகளும் கொண்டு ஆடும் முறையே பெருவழக்கு. தரையிலோ கல்லிலோ கோடு கிழித்து, கோடுகள் கூடும் இடங்களில் காய் வைப்பர். ஆட்டைத் தாண்டிக் குதித்தால் புலி அதனை வெட்டிவிடும். ஆடுகள் ஒன்றுக்கு ஒன்று துணைநின்று புலிக்கு நகர இடமின்றிச் செய்தால் புலி அடைபடும்.

இவ்வாட்டத்தில் ஒரு புதுமை உண்டு. இருவரும் ஒரே வகைக் காய் கொண்டு ஆடுவதில்லை. ஒருவர் வேட்டையாடும் புலி. மற்றவர் ஒற்றுமையால் உயிர் காக்கும் ஆட்டுக் கூட்டம். "என் ஆட்டை வெட்டிவிட்டாய்" என்று ஒருவரும், "என் புலியை அடைத்துவிட்டாய்" என்று மற்றவரும் கூறுவர். சிறிது நேரத்திற்கு ஆடுபவர் தம்மை மறந்து, தாம் ஏற்ற பாத்திரமாகவே ஆகிவிடுகின்றார். தாம் அல்லாத ஒருவராக நின்று எண்ணிப் பார்க்கும் இப்பண்பே பின்னர்க் கூறப்படும் புதுவகை ஆட்டத்திற்கும் அடிப்படை.

பாத்திரம் ஏற்று ஆடும் மேசையாட்டம்

மேலைநாடுகளில் படைத்தலைவர்களுக்குப் பயிற்சி அளிக்கப் போர் ஆட்டம் ஒன்று தோன்றிற்று. பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ஆம் ஆண்டில் அதனைத் தம் அரசருக்குக் காட்டினார். அவர் மகனார் 1824-ஆம் ஆண்டில் அதன் விதிகளைச் செம்மைப்படுத்தி நூலாக வெளியிட்டார். நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளைப் படைகளாக வைத்து ஆடும் இவ்வாட்டத்தில், விளைவைக் கூறும் நடுவர் ஒருவரும் இருந்தார். பின்னாளில் இத்தகைய போர் ஆட்டங்கள் பொதுமக்களிடையேயும் பரவின. அவற்றிலிருந்து வளர்ந்ததே, அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அமைத்து, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம். நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்பது அப்பெயரின் பொருள்.

படையை நடத்துவதை விடுத்து, ஒவ்வொருவரும் ஒரு தனி மாந்தராக ஆடுவதே இதன் புதுமை. ஒருவர் கதை நடத்துநர். மற்றையோர் தத்தமக்கு ஒரு பாத்திரத்தை அமைத்துக்கொள்வர்: ஒருவர் வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் வழிப்போக்கர் என்றவாறு. கதை நடத்துநர் ஒரு சூழலை வாய்மொழியால் விளக்குவார். "நீங்கள் என்ன செய்கின்றீர்கள்?" என்று வினவுவார். ஆடுவோர் தம் பாத்திரத்தின் வாயாகவே விடை கூறுவர். வெற்றி தோல்வி ஐயமாக உள்ள இடத்தில் பகடை உருட்டுவர். இருபது முகமுள்ள பகடை இதற்குப் பெரிதும் பயன்படும். இவ்வாறு பல மாலைப்பொழுதுகள் கூடி ஒரு நெடுங்கதையை நடத்துவர். கதையின் முடிவு நடத்துநருக்கும் முன்கூட்டித் தெரியாது. இந்தியப் பெருநகரங்களிலும் இவ்வாட்டம் ஆடுவோர் இப்போது உளர்.

தமிழருக்கு இம்முறை முற்றிலும் அயலானது அன்று. பாலாற்றங்கரை ஊர்களை உள்ளிட்ட வடதமிழ்நாட்டில் திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறும். கூத்தில் கட்டியக்காரன் என்னும் பாத்திரம் ஒன்று உண்டு. வரும் அரசரை அவன் அறிவிப்பான், "நீர் யார்? எங்கு வந்தீர்?" என்று வினவிக் கதையை நடத்துவான், இடையே நகைச்சுவை கூறி அவையோரை விழித்திருக்கச் செய்வான். மேசையாட்டத்தின் கதை நடத்துநர் ஒருவகையில் அக்கட்டியக்காரனுக்கு உறவினர் எனலாம். கூத்தில் நடிப்போர் வேறு, காண்போர் வேறு. மேசையாட்டத்திலோ நடிப்போரும் காண்போரும் அவர்களே.

கோட்டைக்குள் ஓர் ஆட்டம்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆம்பூரில் விடுமுறை நாள் மாலையில் நான்கு இளைஞர்கள் தம் நண்பரின் அண்ணன் ஒருவரைக் கதை நடத்துநராகக் கொண்டு, வேலூர்க் கோட்டையையே களமாக வைத்து ஆடுகின்றனர் என்று கொள்வோம். காலம் 1806-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் இரவு. மறுநாள் விடியுமுன் அக்கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலக் கும்பினி ஆட்சியை எதிர்த்து எழுந்தனர் என்பது வரலாறு. நெற்றியில் சமயக் குறி அணியலாகாது, தாடி கூடாது என்ற ஆணையும், தோலாற் செய்த சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகையும் அவர்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தன. திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்தனர்.

ஆட்டத்தில் முதல் இளைஞர் ஒரு சிப்பாய். இரண்டாமவர் அரண்மனைப் பணியாளர். மூன்றாமவர் கோட்டைக்குப் பால் கொண்டுவரும் முதியவர். நான்காமவர் ஒரு மருத்துவர். இருபது முகப் பகடை அவர்களிடம் இல்லை. வீட்டிலுள்ள தாயக்கட்டைகளே போதுமானவை ஆயின. கதை நடத்துநர் குரலைத் தாழ்த்திக் கூறத் தொடங்குகின்றார்: "அகழியில் நிலவொளி விழுகின்றது. வடக்கு மதில்மேல் காவலன் மும்முறை இருமுகின்றான். அரண்மனைச் சாளரத்தில் விளக்கு ஒன்று அணைந்து மீண்டும் எரிகின்றது."

அவ்வேளையில் மருத்துவராக ஆடும் இளைஞரின் கைப்பேசி மெல்ல அதிர்கின்றது. ஒரு நண்பர் நகைச்சுவைக் காட்சி ஒன்றை அனுப்பியுள்ளார். அதனைப் பார்க்க அவருக்கு அரை நிமிடமே ஆகின்றது. அதற்குள் இருமலின் பொருளைப் பால்காரர் உணர்ந்துவிட்டார்; விளக்கின் குறிப்பைப் பணியாளர் அறிந்துகொண்டார்; இருவரும் மறைவாகச் சந்திக்கத் துணிந்துவிட்டனர். சிப்பாய் தன் வாழ்நாளிலேயே பெரிய முடிவொன்றைச் செய்ய மருத்துவரின் கருத்தை வேண்டி நிற்கின்றார். மருத்துவர் தலைநிமிர்ந்து, "என்ன நடந்தது, அண்ணா? மறுபடியும் சொல்லுங்கள்" என்கின்றார்.

கதை நடத்துநர் மறுபடியும் சொல்கின்றார். நிலவும் இருமலும் விளக்கும் மீண்டும் வருகின்றன. ஆனால், முதன்முறை கேட்டபோது மற்றவர் நெஞ்சில் எழுந்த அச்சம் மீண்டும் வருவதில்லை. 1806-இலிருந்து அவர்கள் தம் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிவிட்டனர்.

பலகை எங்கே உள்ளது?

இங்கே ஓர் உண்மையை உற்றுநோக்குதல் வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவர் சிறிது நேரம் வேறு பக்கம் பார்த்தாலும் பெருந்தீங்கு இல்லை. புலி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆடு வைத்த இடத்திலேயே நிற்கும். திரும்பிப் பார்த்தவுடன் ஆட்டத்தின் நிலையைப் பலகையே கூறிவிடும். தாயத்திலும் அவ்வாறே. அவ்வாட்டங்களுக்குக் கல்லும் தரையும் நினைவாற்றலாக அமைகின்றன.

பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டத்திலோ, நடப்பவற்றுள் பெரும்பகுதி சொல்லாக மட்டுமே உள்ளது. கோட்டை அங்கு இல்லை, அகழி இல்லை, விளக்கு இல்லை. சொன்னவர் சொல்லிலும் கேட்டவர் மனத்திலும் மட்டுமே அவை உள்ளன. கேட்போர் மனமே அவ்வாட்டத்தின் பலகை. ஐவர் அமர்ந்தால் அப்பலகை ஐந்து துண்டுகளால் ஆனது. ஒருவர் கவனம் விலகும்போது பலகையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுகின்றது. அத்துண்டின்மேல் நின்ற காய்களும் உடன் விழுகின்றன. ஆதலின், ஒருவர் தம் கைப்பேசியைப் பார்ப்பது அவருடைய தனிச்செயல் போலத் தோன்றினும், அதன் இழப்பு மற்ற நால்வருக்கும் உரியது.

வேறோர் இடரும் உண்டு. கைப்பேசியை வைத்துவிட்ட உடனே மனம் திரும்பி வந்துவிடுவதில்லை. முடியாத ஒரு வேலையை விட்டு மற்றொரு வேலைக்குச் செல்லும்போது, கவனத்தின் ஒரு பகுதி முன்னைய வேலையிலேயே தங்கிவிடுகின்றது என்பதைச் சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-ஆம் ஆண்டில் தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார். அதற்குக் 'கவன எச்சம்' என்ற பொருள்படப் பெயரும் இட்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் சட்டியில் சூடு தங்கியிருப்பது போன்றது இது. அரை நிமிடச் செய்தியைப் படித்தவர் அரை நிமிடத்தை மட்டும் இழப்பதில்லை. அச்செய்திக்கு என்ன மறுமொழி எழுதலாம் என்ற எண்ணம் அவருள் ஓடிக்கொண்டே இருக்கும். உடல் ஆட்டக் களத்தில், உள்ளம் வேறிடத்தில்.

அவதானியார் நூறு செயல் செய்யவில்லையா?

இங்கே ஒரு வினா எழலாம். "ஒரே நேரத்தில் பல செயல்களில் கருத்தூன்றிய அவதானிகள் தமிழ்நாட்டில் இருந்தனர் அல்லரோ? ஆட்டத்தையும் கைப்பேசியையும் ஒருங்கே பார்ப்பது அத்தகைய ஆற்றல் அன்றோ?" என்று சிலர் வினவுவர்.

உண்மை. அவதானம் தமிழர் போற்றிய அரிய கலை. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செயல்களை நிகழ்த்திக் காட்டிச் 'சதாவதானி' என்று பாராட்டப்பெற்றார். அவதானம் நிகழ்த்துவோர், கேட்ட பொருளில் செய்யுள் இயற்றுவர். கணக்குக்கு விடை கூறுவர். முதுகில் எறியப்படும் சிறு பொருள்களை எண்ணுவர். ஒலிக்கும் மணியோசையின் எண்ணிக்கையை நினைவில் வைப்பர். இடையே சதுரங்கம் ஆடுதலும் உண்டு.

ஆயினும், அவதானத்திற்கும் கவனச்சிதறலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அவதானி பல செயல்களில் கருத்துச் செலுத்தினார். எனினும், அவை யாவும் ஓர் அவைக்குள்ளேயே நிகழ்ந்தவை. வினவியவரும் அங்கிருந்தார், விடை பெற்றவரும் அங்கிருந்தார். அவர் கவனத்தில் ஒரு துளியும் அவையை விட்டு வெளியே செல்லவில்லை. நெடுநாள் பயின்ற நினைவாற்றல் அவருக்குத் துணை நின்றது. கைப்பேசியைப் பார்ப்பவரோ, தம் முன் அமர்ந்தவரை விட்டு, அங்கில்லாத ஒருவரிடம் செல்கின்றார். அவதானி அவை முழுவதையும் தம் மனத்துள் கொண்டுவந்தார். இவரோ தம் மனத்தையே அவைக்கு வெளியே கொண்டுபோகின்றார். ஆதலின், அவதானத்தைச் சான்று காட்டிக் கவனச்சிதறலுக்கு வழக்காடுதல் பொருந்தாது.

கருவி மேல் குற்றமா?

இவ்வாறு கூறியதனால் கருவிகள் யாவும் தீயன என்று முடிவு கட்டலாகாது. முற்காலத்தில் பாரதக் கூத்துக்குத் தீப்பந்தமே விளக்கு. பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. அதன்பின் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. ஒலிபெருக்கி வந்தபின் கடைசி வரிசையில் அமர்ந்த மூதாட்டிக்கும் திரௌபதியின் புலம்பல் கேட்டது. அக்கருவிகள் அவையோரைக் கூத்திலிருந்து பிரிக்கவில்லை. கூத்தோடு மேலும் இறுகப் பிணைத்தன.

மேசையாட்டத்திலும் கருவிகளால் நன்மைகள் பல உண்டு. விதிநூலின் பல நூறு பக்கங்களுள் வேண்டிய பகுதியை நொடியில் தேடித் தருவது கருவி. பார்வை குன்றியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் படித்துச் சொல்வதும் கருவி. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது, ஒரே அறையில் கூட இயலாத நண்பர்கள் கணினித் திரை வழியே கூடி ஆடினர். வேலையின் பொருட்டு வெளிநாடு சென்ற தம்பி, ஊரில் உள்ள அண்ணனோடு ஆடுவதற்கும் கருவியே பாலம். ஆகவே, கருவி ஆட்டத்தில் உள்ளதா என்பது வினா அன்று. அக்கருவி எந்தப் பக்கம் நோக்கி நிற்கின்றது என்பதே வினா. களத்தை நோக்கி நிற்பது துணை; களத்திற்குப் புறங்காட்டி நிற்பது பகை.

இவ்வேறுபாட்டைச் சதுரங்கப் போட்டிகளில் தெளிவாகக் காணலாம். 2003-ஆம் ஆண்டில் பல்கேரிய நாட்டுப் புளோவ்டிவ் நகரில் நடந்த ஐரோப்பியக் குழுப் போட்டியில், முந்தைய ஆண்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் வாகையர் பட்டம் வென்றிருந்த உக்ரைன் வீரர் ருஸ்லான் பொனோமரியோவ், ஆட்டத்தின் இடையே தம் கைப்பேசி ஒலித்ததனால் அவ்வாட்டத்தை இழந்தார். இன்றைய விதிகளின்படி, நடுவரின் ஒப்புதல் பெறாத மின்னணுக் கருவியை ஆட்ட அரங்கில் உடன் வைத்திருக்கவே ஆட்டக்காரருக்கு உரிமை இல்லை. 2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாடு போன்ற பெரும்போட்டிகளில், காய்களின் ஒவ்வொரு நகர்வையும் மின்னணுப் பலகைகள் உலகெங்கும் உள்ளோருக்கு உடனுக்குடன் அறிவிக்கின்றன. மேசைமீது மின்னணுக் கடிகாரம் ஓடுகின்றது. கைப்பேசிக்கு இடமில்லாத அதே அரங்கில் மின்னணுப் பலகைக்கு இடம் உண்டு. ஒன்று ஆட்டத்திற்கு ஊழியம் செய்கின்றது, மற்றொன்று செய்யவில்லை.

ஆனால், சதுரங்கத்தில் பரிசும் பட்டமும் உண்டு. கைப்பேசியின் வழியே பிறர் உதவி பெறும் வஞ்சம் நிகழாமற் காப்பதும் அவ்விதியின் நோக்கம். நண்பர்கள் கூடி ஆடும் மேசையாட்டத்தில் பரிசு இல்லை. நடுவரின் தண்டனையும் இல்லை. அங்கே கவனத்தைக் காப்பது ஆடுவோரின் நல்லுணர்வு ஒன்றே.

குற்றம் ஒருபுறத்தது அன்று

கைப்பேசியை நாடுபவரை மட்டும் பழித்தலும் முறையன்று. அவர் ஏன் நாடினார் என்பதையும் ஆராய்தல் வேண்டும். ஐவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்குத் தம் முறை வரும்வரை நெடுநேரம் காத்திருக்க நேரிடலாம். கதை நடத்துநர் ஒருவரோடேயே உரையாடிக்கொண்டிருந்தால் மற்றவர் மனம் சோர்வடையும். சோர்ந்த மனம் கைக்கு எட்டிய பொருளைப் பற்றும். முற்காலத்தில் அது தரையில் கோடு கிழித்திருக்கும். இக்காலத்தில் கைப்பேசியைத் திறக்கின்றது. நல்ல கட்டியக்காரன் அவையில் ஒருவர் உறங்கினால் அவரை ஏசுவதில்லை. தன் அடுத்த நகைச்சுவையை அவரை நோக்கியே விடுக்கின்றான். நல்ல கதை நடத்துநரும் கவனம் விலகியவரைக் கடிந்துகொள்வதில்லை. "மருத்துவரே, தொலைவில் யாரோ முனகும் ஒலி உம் செவியில் மட்டும் விழுகின்றது" என்று கூறினால் போதும். அவர் தாமே களத்திற்குத் திரும்புவார்.

கைப்பேசியை விலக்க இயலாதவரும் உண்டு. ஒருவர் தாய் மருத்துவமனையில் இருக்கலாம். மற்றொருவர் தங்கை காலணித் தொழிற்சாலையில் மாலைப் பணி முடித்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைக்கலாம். இவர்களுக்குக் கைப்பேசி கவனச்சிதறல் அன்று, கடமை. விளையாட்டின் பொருட்டுக் கடமையை மறக்கச் சொல்லும் விதி நல்விதி ஆகாது.

கடைப்பிடிக்கத்தக்க முறைகள்

ஆதலின், ஆட்டம் தொடங்குமுன் யாவரும் கூடிச் சில முறைகளை வகுத்துக்கொள்ளுதல் நலம். ஒருவர் இட்ட கட்டளையைவிட, எல்லாரும் கூடிச் செய்த உடன்படிக்கை வலிமை உடையது.

முதலாவது, கைப்பேசிகளை ஒலி அடக்கி, கைக்கு எட்டாத ஓரிடத்தில் ஒருங்கே வைத்தல். கண்ணுக்குத் தெரியாத பொருள் கருத்தையும் எளிதில் ஈர்ப்பதில்லை. இரண்டாவது, அவசர அழைப்பை எதிர்பார்ப்பவர் அதனை முன்னரே கூறிவிடுதல். அவர் எழுந்து வெளியே சென்று பேசித் திரும்பும்போது எவர்க்கும் மனக்குறை இராது. மூன்றாவது, விதி பார்க்கவும் கணக்கிடவும் களத்துக்குப் பொதுவாக ஒரே கருவியை வைத்தல். பொதுக் கருவியில் தனிச்செய்தி வாராது. நான்காவது, ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிது இடைவேளை விடுதல். இடைவேளை உண்டு என்று அறிந்த மனம் அதுவரை பொறுத்திருக்கும். ஐந்தாவது, ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்குமுன், முன்னர் நடந்த கதையை வெவ்வேறு ஒருவர் சுருக்கிக் கூறுதல். தாம் அடுத்துச் சொல்ல வேண்டும் என்று அறிந்தவர் செவியைக் கூர்மையாக்கிக் கேட்பார்.

தொலைவிலிருந்து திரை வழியே ஆடுவோருக்கு இவற்றைக் கடைப்பிடித்தல் சற்றே அரிது. ஆடுகளமும் கவனத்தைக் கலைக்கும் பொருளும் ஒரே கருவிக்குள் அமைந்துவிடுகின்றன. அவர்கள் ஆட்டத்திற்கு உரியதல்லாத சாளரங்களை மூடிவைத்தும், அறிவிப்புகளை நிறுத்திவைத்தும் ஆடுதல் தகும்.

கவனம் என்னும் கொடை

பொருளைக் கொடுத்தவர் அதனை மீண்டும் ஈட்டிக்கொள்ளலாம். ஒரு மாலைப்பொழுதின் கவனத்தைக் கொடுத்தவர் அதனைத் திரும்பப் பெற இயலாது. அதனாலேயே அது சிறந்த கொடை ஆகின்றது. வாரம் ஆறு நாள் தொழிற்சாலையில் உழைப்பவருக்கு நண்பரோடு கூடி அமரக் கிடைப்பது ஒரு மாலையே. அம்மாலையில் எதிரே அமர்ந்தவர் தம் சொல்லைக் கேளாமல் வேறெதையோ நோக்கினால், உழைத்துக் களைத்த அவர் உள்ளம் எதனால் ஆறுதல் பெறும்?

வேலூர்க் கோட்டையைக் களமாக வைத்து ஆடிய இளைஞர்களை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். மருத்துவராக ஆடியவர் தம் கைப்பேசியைச் சாளரத்தின் விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து அமர்கின்றார். கதை நடத்துநர் குரலை மீண்டும் தாழ்த்துகின்றார். தாயக்கட்டைகள் தரையில் உருள்கின்றன. ஐந்து தலைகளும் ஒருங்கே குனிகின்றன. திண்ணையில் மீண்டும் அகழி தோன்றுகின்றது, நிலவு தோன்றுகின்றது, வடக்கு மதில்மேல் காவலன் இருமுகின்றான்.

தோலை வெட்டுபவர் ஒவ்வொரு தோலையும் புதிதாகப் பார்ப்பது போல, உடன் அமர்ந்தவரின் ஒவ்வொரு சொல்லையும் புதிதாகக் கேட்கப் பழகுதல் வேண்டும். அப்பழக்கம் ஆட்டத்தோடு நின்றுவிடாது. வகுப்பறையிலும் வீட்டிலும் தொழிலிலும் நமக்குத் துணைவரும். கருவிகளை நம் ஏவலராகக் கொள்வோம். கவனத்தை நம் உடன் இருப்போர்க்கு உரியதாக்குவோம்.